தேய்ந்த தரையைச் செப்பனிடுவதா, மாற்றுவதா: தோட்டப்புற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுத் தரை தேய்ந்தோ வெடித்தோ போனால், அதைச் செப்பனிட்டுக்கொள்ளலாமா, முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு மேற்பரப்பின் தோற்றம் பதில் சொல்லாது. தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறதா, மண் இறங்குகிறதா, மேலே ஒட்டியிருப்பது இன்னும் அடியைப் பற்றிக்கொண்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறம் மங்கிக் கறை படிந்த பல தரைகள் இன்னும் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. பளபளப்பாகத் தெரியும் சில தரைகளோ அடியில் பிடிப்பே இல்லாமல் கிடக்கின்றன.

இக்குறிப்புகளை மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையையும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா), அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இங்கே தோட்ட லயங்களில் வெறும் சிமெண்ட் தரையும், பழைய வீடுகளில் பலகைத் தரையும், தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வீடுகளில் டைல்ஸும், வசதிக்கேற்பச் சிறு மரக்கட்டைகளைப் பதித்த பார்கேயும், எல்லாவற்றுக்கும் மேலே விரித்த ரப்பர் பாயும் அருகருகே இருக்கின்றன. ஆகையால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது.

முதலில் செலவு யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர் தரைக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிடுவதற்கு முன், தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, அந்த வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியின் மீது வைத்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டும் பலன் இல்லையெனில் தொழிலாளர் இலாகாவை நாடலாம். மேம்பாட்டாளரிடமிருந்து புதிதாக வாங்கிய வீடு என்றால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் குறைகளை அவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டப்படியான விற்பனை ஒப்பந்தம் கூறுகிறது. அந்தக் காலத்துக்குள் டைல்ஸ் பொக்கையாக ஒலித்தால், நீங்களே கொத்தனாரை அழைத்து உடைத்துவிடாதீர்கள். படம் எடுத்து, தேதியிட்டுக் கடிதமாகக் கொடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பழைய லயங்களிலும் முற்காலத்து மலிவு விலை வீடுகளிலும் பல தரைகள், அடியில் பிளாஸ்டிக் தாள் எதுவும் விரிக்கப்படாமல், மண்ணின் மீதே கான்கிரீட் கொட்டிப் போடப்பட்டவை. அத்தகைய தரையில் மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். வெறும் சிமெண்ட்டாக விட்டிருக்கும் வரை அந்த ஈரம் காற்றில் கலந்து போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதன்மேல் ரப்பர் பாயையோ வினைல் பலகையையோ ஒட்டியவுடன் ஈரம் அடைபட்டு, பசை இளகி, ஓரங்கள் சுருண்டு, பூஞ்சை வாடை எழும்புகிறது. வீட்டுக்காரர் பாய் மட்டமானது என்று எண்ணி இன்னும் விலை உயர்ந்த ஒன்றை வாங்கி ஒட்டுவார். அதற்கும் அதே கதிதான் ஏற்படும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறத்தாழ 18 அங்குலம் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெறும் சிமெண்ட் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி மூடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றுத் தரையைவிடக் கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. வெயில் விழாத இடத்தில், வீட்டின் இரண்டு மூன்று அறைகளில் இதைச் செய்து பார்ப்பது நல்லது. முடிந்தால் மழை மிகுந்த வாரத்தில் ஒருமுறை மறுபடியும் செய்யுங்கள். நம் மேற்குக் கரைப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தை எட்டுகிறது. வறண்ட ஜூலையில் கிடைத்த நல்ல முடிவை மட்டும் நம்பிப் பணத்தைப் போட வேண்டாம்.

ஈரம் உறுதியானால், மேற்பூச்சை மாற்றும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் நீரின் வழியைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, பின்புற லோங்காங் (வடிகால்) அடைத்து நிற்கிறதா, வெளியே மண்ணைக் கொட்டிக் கொட்டி முற்றம் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதா, குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்க் கசிவைக் கண்டறிய, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் இரவில் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் யாரும் தண்ணீர் எடுப்பதற்கு முன் மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. இவற்றைச் சரிசெய்த சில மாதங்களில் தரை தானாகவே காய்ந்து, மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

மண் இறங்குகிறதா?

நம் பகுதியின் தாழ்நிலங்களில் மென்மையான களிமண்ணும், வடக்கே செல்லச் செல்ல, மட்கிய தாவரங்களால் ஆன காம்புட் என்னும் சதுப்பு மண்ணும் இருக்கின்றன. வாய்க்கால் வெட்டி நீரை வடித்த காம்புட் மண் சுருங்கியும் சிதைந்தும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் வரை இறங்கக்கூடியது. ஆகவே இங்கே தரையில் தோன்றும் வெடிப்பைச் சாதாரணமாக எண்ணிச் சாந்து பூசி மறைக்கக் கூடாது. வெடிப்பு மயிரிழை போல இருந்து, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால், அது பெரும்பாலும் சிமெண்ட் காயும்போது சுருங்கியதால் வந்தது. அதை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பேங்க் கார்டின் விளிம்பு வெடிப்புக்குள் எளிதாக நுழைந்தாலோ, விரலால் தடவும்போது ஒரு பக்கம் தாழ்ந்து தட்டுப்பட்டாலோ, அதைக் கண்காணிப்பது அவசியம். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கேயும் ஒரு கோடு போட்டு அகலத்தைக் குறித்துவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கடந்த பிறகும் கோடு நகராமல் இருந்தால், இறக்கம் நின்றுவிட்டது என்று கொண்டு செப்பனிடலாம். முனை நீண்டுகொண்டே போனாலோ, கதவுகள் இறுகினாலோ, சுவரிலும் சாய்வான வெடிப்பு தொடர்ந்தாலோ, டைல்ஸ் கடைக்குப் போகாமல் கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

இங்கே மிகவும் பரவலான ஒரு குறையைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். தாமான் வீடுகளில் மூல வீடு பெரும்பாலும் பைலிங்கின் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்களின்) மீது நிற்கும். பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையும் முன்னால் போட்ட கார் நிறுத்தும் இடமும் வெறும் மண்ணின் மீது நிற்கும். மண் இறங்கும்போது நீட்டிய பகுதி மட்டும் அதனோடு சேர்ந்து இறங்குவதால், இரண்டும் சேரும் கோட்டில் டைல்ஸ் வெடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோட்டின் மீது எத்தனை முறை புதிய டைல்ஸ் ஒட்டினாலும் அது மறுபடியும் வெடிக்கும். சரியான வழி, அந்தக் கோட்டை மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான்: இரு பகுதியின் டைல்ஸையும் கோட்டின் இரு புறமும் நிறுத்தி, இடையே வளைந்துகொடுக்கும் சீலண்டை நிரப்பி, மேலே ஓர் அலுமினியப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் திருகிப் பொருத்த வேண்டும். இதற்குச் சமையலறை முழுவதையும் பெயர்க்கத் தேவையில்லை. கோட்டை ஒட்டிய ஒரு வரிசை டைல்ஸை எடுத்தாலே போதும்.

டைல்ஸ் தரை

ஒரு காசையோ மரக் கைப்பிடியையோ கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டுங்கள். அடியில் சாந்து நன்றாகப் பிடித்திருந்தால் ஒலி கெட்டியாக இருக்கும். பிடிப்பு விட்டிருந்தால் பொக்கையாகக் கேட்கும். பொக்கையானவற்றில் டேப் ஒட்டி அடையாளமிட்டு, ஒரு தாளில் அறையின் வரைபடம் போட்டு அவற்றைக் குறியுங்கள். இந்த வரைபடத்தை, வேலையை ஏற்றுச் செய்யும் குத்தகையாளரின் வாய்ச்சொல்லைவிட நான் நம்புகிறேன், ஏனென்றால் பொக்கைகள் அமைந்திருக்கும் ஒழுங்கே காரணத்தைக் காட்டிவிடும்.

குளியலறை வாசலை ஒட்டி மட்டும் பொக்கைகள் கூடியிருந்தால், உள்ளே நீர்க்காப்பு கெட்டு ஈரம் வெளியே பரவுகிறது என்று ஐயப்பட வேண்டும். ஒரே நேர்கோட்டில் இருந்தால், அடியிலுள்ள கான்கிரீட்டில் வெடிப்பு ஓடுகிறது. அறையின் நடுவில் இரண்டு வரிசைகள் கூடாரம் போல ஒன்றையொன்று தள்ளி எழும்பியிருந்தால், விரிவதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது என்று பொருள். களிமண்ணைச் சுட்டுச் செய்த டைல்ஸ் ஆண்டுக்கணக்கில் காற்றின் ஈரத்தை வாங்கிச் சிறிது விரிகிறது. அடியிலுள்ள கான்கிரீட்டோ காய்ந்து சிறிது சுருங்குகிறது. இடைவெளியே விடாமல் டைல்ஸை ஒன்றோடொன்று ஒட்டி, சுவரோடும் இடித்துப் போட்டிருந்தால், ஒருநாள் அந்த அழுத்தம் பெரும் சத்தத்துடன் தரையைத் தூக்கிவிடுகிறது. பலர் இதை அமானுஷ்யமாக எண்ணி அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை, ஆனால் அசட்டையாகவும் விட முடியாது. எந்த ஒழுங்கும் இல்லாமல் வீடு முழுவதும் பொக்கைகள் சிதறியிருந்தால், ஆரம்பத்திலேயே சாந்தைப் புள்ளி புள்ளியாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 அடிக்கு 14 அடி உள்ள வரவேற்பறையில் ஓரடிச் சதுர டைல்ஸ் 168 இருக்கும். அவற்றில் பத்துப் பதினைந்து மட்டும் ஓரிடத்தில் பொக்கையாக இருந்து, காரணமும் தெரிந்து அதை நிறுத்தவும் முடிந்தால், அந்த இடத்தை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. எழும்பாமலும் உடையாமலும் பொக்கையாக மட்டும் ஒலிப்பவற்றுக்கு, மூட்டில் சிறு துளையிட்டு, தண்ணீர் போல ஓடும் எபோக்சிப் பசையைச் செலுத்திப் பிடிப்பை மீட்கலாம். தரை ஈரமாகவோ அடியில் தூசி நிறைந்தோ இருந்தால் இது நிலைக்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொக்கையாகி, அவை சிதறியும் இருந்தால், நான் முழுவதையும் மாற்றவே சொல்வேன். ஒவ்வொன்றாக உடைத்து எடுக்கும் அதிர்ச்சியில் அருகிலுள்ளவையும் பிடிப்பை இழக்கும். கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலி மீண்டும் மீண்டும் வரும்.

பழைய டைல்ஸுக்கு இணையானது கடையில் கிடைப்பது அரிது. பீரோவுக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ நன்றாக இருக்கும் டைல்ஸைக் கவனமாகப் பெயர்த்து வாசலில் போட்டு, மறைவான இடத்தில் வேறு நிறத்தைப் போடுவது பழகிய கொத்தனார்கள் செய்யும் நல்ல வழி. மூட்டுச் சாந்து மட்டும் கருத்து உதிர்ந்திருந்தால், அதைச் சுரண்டிப் புதிதாக நிரப்பினால் தரையே புதிதாகத் தெரியும். இதற்காக டைல்ஸை உடைப்பது வீண் செலவு.

பழைய டைல்ஸின் மீதே புதியதை ஒட்டும் முறை மலிவாகத் தோன்றும். அடி டைல்ஸ் அனைத்தும் கெட்டியாக இருந்தால் மட்டுமே அதற்கு இசையலாம். பொக்கையின் மீது ஒட்டினால் இரண்டும் சேர்ந்து எழும்பும். தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயர்வதால் கதவுகளை அறுக்க வேண்டும், வாசலில் படி உண்டாகும். கால் அங்குலம் எழும்பிய விளிம்பே முதியவர்களைத் தடுக்கி விழச்செய்யப் போதுமானது என்பதால், தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

முழுவதும் மாற்றுவதென்று தீர்மானித்தால், சுவரோரம் இடைவெளி விட்டு ஸ்கர்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மறைக்கவும், டைல்ஸுக்கு இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் விடவும், நீளமான கூடத்தில் ஏறத்தாழ 8 மீட்டருக்கு ஒருமுறை வளைந்துகொடுக்கும் மூட்டு வைக்கவும் எழுத்தில் கேளுங்கள். பழைய தரை எழும்பியதற்கு இவை இல்லாததே காரணமாக இருந்திருக்கலாம். நீரை அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத போர்சலின் வகை ஈரத்தால் விரிவது குறைவு; ஆனால் அது சாந்தை உறிஞ்சிப் பிடிக்காது என்பதால் அதற்குரிய டைல்ஸ் பசையைக் கொண்டே ஒட்ட வேண்டும்.

சிமெண்ட் தரை

கூட்டக் கூட்டத் தூள் வந்துகொண்டிருக்கும் சிமெண்ட் தரையைப் பார்த்தவுடன் உடைக்கச் சொல்பவர்கள் உண்டு. கலவையில் தண்ணீர் மிகுந்ததால் மேல்தோல் மட்டும் வலுவிழந்திருக்கலாம். ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: மெல்லிய கோடு மட்டும் விழுந்தால், சிலிகேட் கலந்த கெட்டிப்படுத்தும் திரவத்தைப் பூசினாலே போதும். ஆணி பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கினால், அந்தப் பூச்சை எடுத்துவிட்டுப் புதிய பூச்சுப் போட வேண்டும். வழுவழுப்பான பழைய தரையின் மீது அரை அங்குலச் சாந்தை அப்படியே இழுத்துவிடும் வழக்கம் நம்மிடம் மிகுதி. அது சில ஆண்டுகளில் தகடு தகடாகக் கழன்றுவிடும். பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்ட் குழம்பு தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரு பங்கு சிமெண்ட்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த சாந்தை ஓரங்குலத்துக்குக் குறையாமல் போடுவதே நிலைக்கும். பழைய சிவப்புச் சிமெண்ட் தரை உறுதியாக இருந்தால், தயவுசெய்து அதை மூடாதீர்கள். மெருகேற்றினால் அதற்கு ஈடான குளிர்ச்சியும் அழகும் இன்றைய மலிவுப் பொருள்களில் இல்லை.

பலகையும் பார்கேயும்

பலகைத் தரையில் நடக்கும்போது அசைவு தெரிந்தால், பலகையைவிட அதைத் தாங்கும் சட்டங்களே முக்கியம். திருப்புளியின் முனையைச் சட்டத்தில் அழுத்துங்கள். கால் அங்குலம் எளிதாக உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது. சட்டங்கள் உறுதியாக இருந்து சில பலகைகள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். மண் குழாய்கள் கண்ணில் பட்டால் கரையான் இருக்கிறது. அவற்றைக் கலைத்து மருந்தடிக்காமல், அப்படியே விட்டு வல்லுநரை அழையுங்கள். கலைந்த கரையான் வேறு வழியில் நுழையும், இரை வைத்துக் கூட்டத்தையே அழிக்கும் வாய்ப்பும் கைநழுவும். பால்மரக் காடாக இருந்த நிலத்தில் எழுந்த வீடுகளுக்கு, மண்ணுக்குள் விட்டுவிட்ட அடிமரங்களும் வேர்களும் கரையானுக்கு இரையாவதால் இந்தத் தொல்லை கூடுதல். கரையானை ஒழிக்காமல் புதிய மரம் போடுவது அதற்கு விருந்து வைப்பதாகும்.

பார்கே தரையில் கீறலும் நிறமாற்றமும் மட்டும் இருந்தால் தேய்த்து மெருகேற்றலாம். ஒரு மூலையில் ஒரு கட்டையைப் பெயர்த்துக் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; முன்பே பலமுறை தேய்த்து மெலிந்துபோனது இன்னொரு தேய்ப்பைத் தாங்காது. வெள்ளத்தில் நனைந்த பார்கேயை உடனே பிடுங்க வேண்டாம். நன்கு காயவிட்டு, கழன்ற கட்டைகளைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று பிறகு தீர்மானிக்கலாம். லாமினேட் அப்படியல்ல: அதன் உட்பகுதி அழுத்திய மரநார், ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது, தேய்க்கவும் முடியாது. வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் நம் வீடுகளுக்கு அது ஏற்றதன்று. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்பிசி பலகைகள் நீரைத் தாங்கும். அடித்தரை மட்டமாக, 2 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால்தான் பலகைகளை இணைக்கும் பூட்டுகள் உடையாமல் நிற்கும்.

பழைய 9 அங்குலச் சதுர வினைல் ஓடுகள் இருந்தால் அவற்றைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, ஏனெனில் பழங்காலத்து ஓடுகளிலும் பசையிலும் கல்நார் இருக்கலாம். உறுதியாக ஒட்டியிருந்தால் மேலே மூடிவிடுவதே பாதுகாப்பு.

பணமும் காலமும்

செப்பனிடும் செலவு மாற்றும் செலவில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி எண்ணலாம். மாற்றும் செலவைக் கணக்கிடும்போது டைல்ஸின் விலையை மட்டும் எழுதாதீர்கள். உடைக்கும் கூலி, இடிபாட்டை அகற்றும் லோரி, சாந்து, ஸ்கர்டிங், கதவு அறுப்பது, வெட்டில் வீணாகும் பத்து விழுக்காடு ஆகிய அனைத்தும் சேர வேண்டும். கையில் உள்ள பணம் போதவில்லை என்றால், எல்லா அறைகளையும் மட்டமாகச் செய்வதைவிட ஈரமும் ஆபத்தும் உள்ள ஓர் அறையை முறையாகச் செய்வது மேலானது.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தரை வேலையைத் தொடங்குவது நம்மவரிடையே பரவலான வழக்கம், ஆனால் அது மிகப் பொருந்தாத காலம். அப்போதுதான் மழை உச்சத்தில் இருக்கிறது, சாந்து மெதுவாகக் காய்கிறது, குத்தகையாளர்களோ பல வீடுகளை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்டு விரைகிறார்கள். புதிய கான்கிரீட் முழு வலிமை பெறவே 28 நாள்கள் ஆகும். உள்ளீரம் வெளியேற அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் தொடங்கினால் பண்டிகைக்குள் வேலை நிதானமாக முடிந்துவிடும். உடைக்கும்போது எழும் தூசி நுரையீரலைப் பாதிக்கும் சிலிக்கா கலந்தது. தண்ணீர் தெளித்து உடைக்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கி, பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, கடைசிப் பகுதியை நீங்களே எல்லா டைல்ஸையும் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். வேலை மோசமாக முடிந்து பேச்சு எடுபடவில்லை என்றால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். அதற்கு ரசீதும் படங்களும் ஒப்பந்தமும் தேவைப்படும். வேலை முடிந்ததும் மீந்த டைல்ஸில் ஒரு பெட்டியை அட்டையோடு எடுத்துவைத்து, பெயரையும் நிற எண்ணையும் பெட்டியின் மீது எழுதிவையுங்கள்.